தீப்பெட்டி தோன்றிய வரலாறு

தீப்பெட்டி என்பது, உரசினால் தீப்பற்றும் சிறு குச்சிகளையும் அவற்றை உரசுவதற்கான பட்டையையும் கொண்ட சிறிய பெட்டி ஆகும். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் என்று ஒரு நாளில் பலமுறை அதைக் கையில் எடுக்கிறோம். மளிகைக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருள்களுள் அதுவும் ஒன்று.

பெட்டியின் மேல் படத்துக்கு அருகே பெரும்பாலும் 'சேஃப்டி மேட்சஸ்' என்று அச்சிட்டிருப்பார்கள். 'பாதுகாப்பான தீக்குச்சிகள்' என்பது அதன் பொருள். அப்படியானால் பாதுகாப்பற்ற தீக்குச்சி என்று ஒன்று இருந்ததா? இருந்தது. 1830-களில் தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகின் பல நாடுகளில் அதுதான் விற்றது. அதைச் செய்த தொழிலாளர்களில் பலர் தாடை எலும்பை இழந்தார்கள். சிலர் உயிரையும் இழந்தார்கள். மாற்றுவழி 1855-லேயே கடைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய குச்சி ஒழிய மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தீக்குச்சியை யார் கண்டுபிடித்தார்கள், அது எப்படிப் பாதுகாப்பானதாக மாறியது, அதற்கு ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தீக்குச்சிக்கு முன்

மரத்தோடு மரத்தைக் கடைந்து தீ உண்டாக்குவதே மிகப் பழைய வழி. அந்தக் கோலைச் சங்க இலக்கியம் 'ஞெலிகோல்' என்று அழைக்கிறது. வேள்விகளில் அரணிக் கட்டையைக் கடைந்து தீ எடுக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. அடுத்து வந்தது சிக்கிமுக்கிக் கல். கல்லை இரும்பில் தட்டும்போது தெறிக்கும் பொறியை உலர்ந்த பஞ்சில் பிடித்து, ஊதி ஊதிக் கனல் ஆக்க வேண்டும். மழைக்காலத்தில் பஞ்சு நமத்துப்போனால் எவ்வளவு தட்டினாலும் தீ வராது.

அதனால் தீயை மூட்டுவதைவிட அதை அணையாமல் காப்பதே எளிதாக இருந்தது. இரவில் அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடி வைத்து, காலையில் கிளறி எடுப்பார்கள். அதுவும் அணைந்துவிட்டால் அடுத்த வீட்டில் நெருப்பு வாங்கி வருவார்கள். நினைத்த இடத்தில், நினைத்த நொடியில் தீ என்பது 19-ஆம் நூற்றாண்டு வரை எந்த நாட்டிலும் எளிதில் கிடைக்கவில்லை.

வேதியியல் தந்த தீ

1669-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் ப்ராண்ட் என்பவர் பொன் செய்யும் முயற்சியில் சிறுநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பொன் கிடைக்கவில்லை. இருட்டில் ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருள் கிடைத்தது. அதுவே பாஸ்பரஸ். ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே காற்றில் தானாகத் தீப்பற்றக்கூடியது அது. அதை உரசித் தீ உண்டாக்கலாம் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அப்போது பாஸ்பரஸ் அரிதாகவும் விலை மிக அதிகமாகவும் இருந்ததால் வீட்டுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

1805-இல் பாரிசில் ழான் ஷான்செல் வேறு வழியைக் கண்டார். பொட்டாசியம் குளோரேட், கந்தகம், சர்க்கரை ஆகியவற்றைப் பசையுடன் கலந்து குச்சி நுனியில் பூசினார். அதைக் கந்தக அமிலத்தில் தொட்டால் குபீரென்று எரியும். தீ வேண்டுமானால் அமிலப் புட்டியையும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் குறை. பின்னர் இலண்டனில் அமிலத்தைச் சிறு கண்ணாடிக் குமிழில் அடைத்து, மருந்துடன் தாளில் சுற்றி விற்றார்கள். குமிழை நசுக்கினால் தீ வரும். பீகிள் கப்பலில் பயணம் செய்த சார்லஸ் டார்வின் இந்த வகைக் குச்சியைப் பல்லால் கடித்துப் பற்றவைத்து, தென் அமெரிக்க மக்களை வியக்க வைத்ததைத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார்.

இதற்கிடையே 1823-இல் ஜெர்மானிய வேதியியலாளர் யோஹான் டோபரைனர், ஹைட்ரஜன் வாயுவைப் பிளாட்டினத்தின் மீது செலுத்திச் சுடர் உண்டாக்கும் விளக்கு ஒன்றைச் செய்தார். இன்றைய லைட்டருக்கு இதுவே முன்னோடி. உரசும் தீக்குச்சிக்கு முன்பே லைட்டர் பிறந்துவிட்டது என்பது பலருக்கும் வியப்பூட்டும் செய்தி.

ஜான் வாக்கர்: உரசும் தீக்குச்சி

உரசினால் மட்டுமே எரியும் தீக்குச்சியை முதலில் செய்து விற்றவர் ஜான் வாக்கர் (1781–1859). இங்கிலாந்தின் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக்கடை நடத்தியவர். முதலில் அறுவை மருத்துவம் பயின்றார். கத்தி எடுக்க மனம் ஒப்பாமல் மருந்து விற்பனைக்கு மாறினார்.

1826-இல் அவர் எளிதில் தீப்பற்றும் கலவைகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். கலவை காய்ந்து ஒட்டியிருந்த ஒரு குச்சி அடுப்புத் தளத்தில் உரசுப்பட்டு எரிந்தது என்று சொல்வார்கள். அந்தக் கலவையில் ஆண்டிமனி சல்பைடு, பொட்டாசியம் குளோரேட், பிசின், மாவுப்பசை ஆகியவை இருந்தன. மடித்த உப்புத்தாளின் இடையே குச்சியை வைத்து வெடுக்கென்று இழுத்தால் தீ வரும். முதல் விற்பனை 1827 ஏப்ரல் 7 அன்று நடந்ததாக அவருடைய கடைக் கணக்குப் புத்தகம் காட்டுகிறது. வாங்கியவர் அவ்வூர் வழக்கறிஞர் ஒருவர்.

வாக்கர் காப்புரிமை கோரவில்லை. சில ஆண்டுகளில் குச்சி செய்வதையும் நிறுத்திவிட்டார். இலண்டனைச் சேர்ந்த சாமுவேல் ஜோன்ஸ் அதே வகைக் குச்சியைச் செய்து 'லூசிபர்' என்ற பெயரில் விற்றார். அந்தப் பெயரே மக்கள் வாயில் நிலைத்தது. வாக்கரின் பங்கு அவர் இறந்த பின்னரே பரவலாக ஏற்கப்பட்டது. அதன் பிறகும் அவருக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 20-ஆம் நூற்றாண்டில் ஸ்டாக்டன் நகரில் அவருக்கென்று வைத்த மார்பளவுச் சிலை, அதே பெயர் கொண்ட ஒரு நடிகரின் உருவத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பது பின்னால்தான் தெரியவந்தது.

வெண் பாஸ்பரஸ் வந்தது

வாக்கரின் குச்சியில் குறைகள் இருந்தன. அழுத்தி உரச வேண்டும், சில வேளைகளில் மருந்து மட்டும் பிய்ந்து எரிந்தபடி தெறிக்கும், நெடியும் கடுமை. இந்தக் குறைகளைத் தீர்க்க 1830-களின் தொடக்கத்தில் பிரான்சைச் சேர்ந்த சார்லஸ் சோரியா என்ற மாணவர் ஆண்டிமனி சல்பைடுக்குப் பதிலாக வெண் பாஸ்பரஸைச் சேர்த்தார். அவருக்குக் காப்புரிமை பெறப் பணம் இல்லை. விரைவில் ஜெர்மனியில் யாகோப் கம்மரர் போன்றோர் இத்தகைய குச்சிகளைத் தொழிலாகவே செய்யத் தொடங்கினர். 1836-இல் ஹங்கேரி மாணவர் யானோஸ் இரினி, பொட்டாசியம் குளோரேட்டுக்குப் பதிலாக ஈய டை ஆக்சைடைச் சேர்த்து, வெடிச்சத்தம் இல்லாமல் எரியும் குச்சியைச் செய்தார். அந்த உரிமையை வியன்னா நகர உற்பத்தியாளர் ஒருவருக்கு விற்றுவிட்டார்.

புதிய குச்சியை எதில் வேண்டுமானாலும் உரசலாம். சுவர், செருப்பின் அடிப்பகுதி, கால்சட்டைத் துணி, எதுவும் போதும். விலையும் மலிவு. சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது.

ஆனால் வெண் பாஸ்பரஸ் கொடிய நஞ்சு. ஒரு பெட்டிக் குச்சிகளில் இருந்த பாஸ்பரஸ் ஒரு மனிதரைக் கொல்லப் போதுமானது. குழந்தைகள் குச்சியைச் சப்பி இறந்தார்கள். தற்கொலைக்கும் கொலைக்கும்கூட அது பயன்பட்டது. சட்டைப் பையில் வைத்த பெட்டி தானாகப் பற்றிக்கொள்வதும் உண்டு.

தாடையைத் தின்ற நோய்

இவை வாங்கியவர்களுக்கு நேர்ந்த தீங்குகள். குச்சிகளைச் செய்தவர்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது.

தீப்பெட்டித் தொழிற்சாலையில் மருந்தைக் கலப்பவர்களும், குச்சியை முக்குபவர்களும், காய்ந்த குச்சியைப் பெட்டியில் அடைப்பவர்களும் நாள் முழுவதும் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்தார்கள். அவர்களில் சிலருக்கு முதலில் பல்வலி வரும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. ஈறு வீங்கிச் சீழ் வைக்கும். பிறகு தாடை எலும்பு உள்ளேயே செத்து அழுகத் தொடங்கும். அருகில் யாரும் நிற்க முடியாத நாற்றம் வீசும். அழுகிய தாடையை அறுத்து எடுப்பதைத் தவிர வேறு மருத்துவம் இல்லை. உயிர் பிழைத்தவர்கள் உருக்குலைந்த முகத்துடன் வாழ்ந்தார்கள்.

வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் லோரின்சர் 1845-இல் இந்த நோயைப் பற்றி எழுதினார். அதாவது, வெண் பாஸ்பரஸ் குச்சி பரவத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே அதன் கேடு மருத்துவ உலகுக்குத் தெரிந்துவிட்டது. தொழிலாளர்கள் இதைப் 'பாஸ்பரஸ் தாடை' என்று அழைத்தார்கள்.

சுவீடன் தந்த விடை

நோய் தெரியவந்த அதே காலத்தில் அதற்கான விடையும் உருவாகிக்கொண்டிருந்தது. வெண் பாஸ்பரஸைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் அது சிவப்புத் தூளாக மாறும். இந்தச் சிவப்புத் தூளும் பாஸ்பரஸின் மற்றொரு வடிவமே என்பதை வியன்னாவில் பணியாற்றிய வேதியியலாளர் ஆண்டன் ஷ்ரோட்டர் 1840-களில் நிறுவினார். தனிமம் ஒன்றே என்றாலும் குணம் வேறு. சிவப்பு பாஸ்பரஸ் 240 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் தீப்பற்றும். அது ஆவியாகி மூக்கில் ஏறாது. தாடையை அரிக்காது.

சிவப்பு பாஸ்பரஸைப் பொட்டாசியம் குளோரேட்டுடன் கலந்தால் லேசான உரசலிலேயே வெடித்துவிடும். எனவே அதைக் குச்சி மருந்தில் அப்படியே சேர்க்க முடியாது. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் சுவீடனின் குஸ்தாப் எரிக் பாஷ். இவர் புகழ்பெற்ற வேதியியலாளர் பெர்சீலியஸின் மாணவர். பாஸ்பரஸ் குச்சியில் இருந்தால்தானே ஆபத்து? அதை எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் பூசிவிட்டால் என்ன? 1844-இல் அவர் பெற்ற காப்புரிமையின் சாரம் இதுவே.

பாஷின் குச்சி விலை கூடியதால் சந்தையில் நிற்கவில்லை. பின்னர் பர்மிங்காமில் ஆர்தர் ஆல்பிரைட் சிவப்பு பாஸ்பரஸைப் பெருமளவில் பாதுகாப்பாகத் தயாரிக்கும் முறையைக் கண்டார். சுவீடனின் யோன்ஷோப்பிங் நகரில் தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்திய லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் பாஷின் முறையைச் செம்மைப்படுத்தினர். 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர்களுடைய பாதுகாப்புத் தீக்குச்சி பரிசு பெற்றது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் 'பிரையண்ட் அண்ட் மே' நிறுவனம் அதன் பிரிட்டன் உரிமையை வாங்கியது.

பாதுகாப்புத் தீக்குச்சி எரியும் விதம்

நாம் இன்று பயன்படுத்தும் தீக்குச்சியும் இதே அடிப்படையில் அமைந்ததுதான்.

குச்சித் தலை: பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், இவற்றைப் பிடித்து நிறுத்தும் வச்சிரம் ஆகியவை இதில் உள்ளன. பொட்டாசியம் குளோரேட் சூடேறினால் ஆக்சிஜனைத் தரும். கந்தகம் எரிபொருள். தலையில் பாஸ்பரஸ் இல்லை.

உரசு பட்டை: பெட்டியின் இரு பக்கங்களிலும் உள்ள பழுப்பு நிறப் பூச்சு இது. சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் பசையும் இதில் உள்ளன.

மரக்குச்சி: தலையை ஒட்டிய பகுதி மெழுகில் தோய்க்கப்பட்டிருக்கும். மருந்து எரிந்து முடியும்போது சுடர் மரத்துக்கு மாற இந்த மெழுகு உதவும். அணைத்த பின் கனல் நீடிக்காமல் இருக்க அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் குச்சியை ஊறவைப்பதும் உண்டு.

குச்சியைப் பட்டையில் உரசும்போது ஏற்படும் உராய்வு வெப்பத்தில், பட்டையிலுள்ள சிவப்பு பாஸ்பரஸில் மிகச் சிறு துகள் ஒன்று வெண் பாஸ்பரஸாக மாறி உடனே பற்றிக்கொள்கிறது. அந்தப் பொறி குச்சித் தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட்டைச் சிதைக்கிறது. வெளிவரும் ஆக்சிஜனில் கந்தகம் எரிகிறது. அடுத்து மெழுகு, அதன்பின் மரம். இத்தனையும் ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது.

குச்சி நனையாமல் இருந்தும் பட்டை தேய்ந்துவிட்டால் பற்றாததற்குக் காரணம் இப்போது விளங்கும். தீ உண்டாகத் தேவையான பொருள்களில் ஒரு பாதி குச்சியிலும் மறுபாதி பெட்டியிலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் தீ.

அரை நூற்றாண்டுத் தாமதம்

1855-இல் கேடும் தெரியும், மாற்றும் தெரியும். அப்படியும் வெண் பாஸ்பரஸ் ஒழியவில்லை. அதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது விலை. சிவப்பு பாஸ்பரஸுக்குச் செலவு கூடுதல். தெருவில் கூவி விற்கும் பொருளில் சிறு விலை வேறுபாடும் பெரிது. இரண்டாவது வசதி. எங்கே உரசினாலும் எரியும் குச்சிக்குப் பழகிய மக்கள், குறிப்பிட்ட பெட்டியில் மட்டுமே எரியும் குச்சியை விரும்பவில்லை. மூன்றாவது, துன்பப்பட்டவர்கள் யார் என்பது. தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்களும் சிறுமிகளும். அவர்களுடைய குரல் வெளியே கேட்கவில்லை.

பின்லாந்து 1872-லும் டென்மார்க் 1874-லும் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைச் சட்டத்தால் தடை செய்தன. பிரிட்டன் போன்ற பெரிய தொழில் நாடுகள் செய்யவில்லை. நம் நாடு தடுத்தால் வேறு நாட்டுக் குச்சி வந்து நம் சந்தையைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பாதுகாப்புக் குச்சியின் உரிமையை வாங்கிய 'பிரையண்ட் அண்ட் மே' நிறுவனமே இலண்டனில் வெண் பாஸ்பரஸ் குச்சியையும் தொடர்ந்து செய்து விற்றது.

1888: இலண்டன் தீப்பெட்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம்

கிழக்கு இலண்டனில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் வேலை நேரம் நீண்டது, கூலி குறைவு. பேசினால் அபராதம், குச்சியைக் கீழே போட்டால் அபராதம், கால் அழுக்காக இருந்தால்கூட அபராதம். சாப்பிடத் தனி இடம் கிடையாது. பாஸ்பரஸ் படிந்த வேலை மேசையிலேயே உணவு உண்ண வேண்டும். நஞ்சு சோற்றோடு வாய்க்குள் போயிற்று.

1888 ஜூன் 23 அன்று அன்னி பெசன்ட் தம் இதழில் இந்த நிலைமையை விவரித்து, இலண்டனில் நிலவும் அடிமைத்தனம் என்று சாடி எழுதினார். தொழிலாளர்கள் அந்தக் கட்டுரையை மறுத்துக் கையெழுத்திட வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தார்கள். ஜூலைத் தொடக்கத்தில் ஒரு தொழிலாளி வேலையிலிருந்து நீக்கப்பட, ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமிகளும் வெளியேறினார்கள். இரண்டு வாரத்துக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. அபராதங்கள் நீக்கப்பட்டன. உணவு உண்ணத் தனி இடம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். பெண் தொழிலாளர்களின் சங்கம் ஒன்றும் உருவாயிற்று.

இந்த அன்னி பெசன்ட்தான் பின்னர் இந்தியாவுக்கு வந்து, சென்னை அடையாற்றில் பிரம்ம ஞான சபையின் தலைவராக இருந்தவர்; 1917-இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவரானவர். சென்னையின் பெசன்ட் நகர் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

வேலைநிறுத்தம் வென்றாலும் வெண் பாஸ்பரஸ் போகவில்லை. 1891-இல் இரட்சணிய சேனை என்ற கிறித்தவ அமைப்பு இலண்டனில் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கி, சிவப்பு பாஸ்பரஸை மட்டுமே பயன்படுத்தி, கூலியையும் கூட்டிக் கொடுத்துக் குச்சி செய்தது. விலை கூடுதலாக இருந்ததால் சில ஆண்டுகளில் அதை மூட வேண்டியதாயிற்று. ஆனால் நஞ்சில்லாமலும் தொழில் நடத்தலாம் என்பதை அது நாட்டுக்குக் காட்டியது. தாடை நோய்க்கு ஆளானவர்களைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக 1898-இல் 'பிரையண்ட் அண்ட் மே' நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1901-இல் அது வெண் பாஸ்பரஸைக் கைவிட்டது.

உலகத் தடை

முடிவுக்கு உதவிய மற்றொரு கண்டுபிடிப்பு பிரான்சில் நிகழ்ந்தது. 1898-இல் செவென், கான் என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு என்ற சேர்மத்தைக் கொண்டு, எங்கே உரசினாலும் எரியும், ஆனால் தாடை நோய் தராத குச்சியைச் செய்தார்கள். மக்கள் விரும்பிய வசதியும் கிடைத்தது, நஞ்சும் போயிற்று. வெண் பாஸ்பரஸுக்கு ஆதரவாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

1906-இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் பல நாடுகள் கூடி, வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைச் செய்வதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடை செய்யும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தொழிலாளர் உடல்நலத்துக்காக ஏற்பட்ட முதல் பன்னாட்டு உடன்படிக்கைகளுள் இதுவும் ஒன்று. எல்லா நாடுகளும் சேர்ந்து தடுத்தால் எந்த நாட்டுக்கும் சந்தை இழப்பு இல்லை என்பதே இதன் அடிப்படை. பிரிட்டன் 1908-இல் தடைச் சட்டம் இயற்றியது.

அமெரிக்காவில் மாற்றுச் சேர்மத்தின் காப்புரிமை 'டயமண்ட் மேட்ச்' நிறுவனத்திடம் இருந்தது. குடியரசுத் தலைவர் டாஃப்ட் கேட்டுக்கொண்டதை ஒட்டி, 1911-இல் அந்நிறுவனம் தன் காப்புரிமையை எல்லோரும் பயன்படுத்தும்படி விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா வெண் பாஸ்பரஸ் குச்சிக்குத் தாங்க முடியாத வரி விதித்து, அதைச் சந்தையிலிருந்தே அகற்றியது. இந்தியாவில் 1913-இல் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது.

இந்தியாவும் சிவகாசியும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா பயன்படுத்திய தீக்குச்சிகளில் பெரும்பகுதி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. சுதேசி இயக்கத்தின்போது வங்காளத்தில் உள்நாட்டுத் தீப்பெட்டி முயற்சிகள் நடந்தன. 1922-இல் இறக்குமதித் தீக்குச்சிகள் மீதான வரி உயர்த்தப்பட்டதும் உள்நாட்டுத் தொழிலுக்கு வழி திறந்தது. சுவீடன் நிறுவனமே 'விம்கோ' என்ற பெயரில் இந்தியாவில் இயந்திரத் தொழிற்சாலை தொடங்கியது.

ஏறக்குறைய அதே காலத்தில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்து வேளாண்மை பொய்த்த அப்பகுதிக்குப் புதிய பிழைப்பு தேவைப்பட்டது. மருந்து பூசிய குச்சி காய்வதற்கு அதே வறண்ட காற்று உதவியது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் தீப்பெட்டித் தொழில் கைத்தொழிலாகப் பரவிற்று. பெட்டிகளுக்கு ஒட்டும் படங்களுக்காகத் தோன்றிய அச்சகங்கள் சிவகாசியை அச்சுத் தொழில் நகரமாகவும் ஆக்கின. பட்டாசுத் தொழிலும் இதே வழியில் வளர்ந்தது.

இங்கே செய்யப்பட்டது பாதுகாப்புத் தீக்குச்சி என்பதால் இலண்டனைப் போலத் தாடை நோய் தொழிலாளர்களைத் தாக்கவில்லை. ஆயினும் குறைந்த கூலியும் தீ விபத்துகளும் இருந்தன. பல்லாண்டுகள் ஏராளமான சிறுவர் சிறுமியர் பள்ளிக்குப் போகாமல் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடை செய்தது. சிவகாசிக் குழந்தைகள் தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை நலநிதியில் செலுத்த வேண்டும் என்று அது கூறியது.

இன்று இத்தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2007 முதல் 1 ரூபாயாக இருந்த தீப்பெட்டியின் விலை, மூலப்பொருள் விலையேற்றத்தால் 14 ஆண்டுகளுக்குப் பின் 2021 டிசம்பரில் 2 ரூபாய் ஆனது. மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள் விற்பனையைப் பாதித்ததால், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு 2023-இல் தடை செய்தது.

கண்டுபிடித்தவர் யார்?

தேர்வில் "தீக்குச்சியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால் ஜான் வாக்கர் என்று எழுதலாம், அது சரியான விடை. ஆனால் நம் வீட்டுத் தீப்பெட்டி வாக்கர் செய்த பொருள் அன்று. ப்ராண்ட் கண்ட தனிமம், ஷ்ரோட்டர் காட்டிய அதன் வேறு வடிவம், பாஷ் செய்த பிரிவினை, லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்களின் தொழில்திறன் ஆகிய எல்லாம் அதில் உள்ளன.

அறிவியலாளர்கள் மட்டுமே அதைப் பாதுகாப்பானதாக ஆக்கிவிடவும் இல்லை. அவர்களுடைய பணி 1855-லேயே பெரும்பாலும் முடிந்துவிட்டது. அதன்பின் தேவைப்பட்டது, வேலையை விட்டு வெளியேறத் துணிந்த தொழிலாளர்களும், எழுதியவர்களும், எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு சட்டமும். அந்த இலண்டன் பெண்களில் பலருடைய பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. தீப்பெட்டியின் மேல் உள்ள 'பாதுகாப்பான' என்ற சொல்லில் அவர்களுடைய பங்கும் இருக்கிறது.